ஒழுங்கை முழுதும் ஒரு வீடு

இந்த ஜெர்மன் நகரத்தில் நாம் வீட்டில் இல்லாவிட்டால் தபால்காரர் பொதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். மாலையில் ஹெர் க்ரூகரின் மணியை அடிப்பேன். பொதியை நீட்டுவார், இந்தாருங்கள் என்பதற்கு "பிட்டே" என்பார், கதவு மூடிக்கொள்ளும். வந்த நாளிலிருந்து எங்களுக்குள் இவ்வளவுதான் உறவு.

பகலில் எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலை. எண்ணற்ற துகள்கள் சேர்ந்து நெடுந்தூரத்துக்குப் பின்னிக் கிடக்கும் குவாண்டம் நிலை ஒன்று உண்டு. எந்த மூலையைக் குடைந்து பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது. பிணைப்பு இருப்பது முழுவதிலும்தான். அங்கங்கே கைவைத்து அதை அவிழ்க்கவும் முடியாது. கூட வேலை செய்பவர்கள் வியக்கிறார்கள். எனக்கு என்ன வியப்பு? இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் ஒரு சின்னச் சந்துக்குள் அப்படியொரு வீட்டில் வளர்ந்தவன் நான்.

அப்பா இல்லாத வீடு. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கண்டியில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கியதும் அம்மா வேலிக்கு மேலால் வீட்டைக் கைமாற்றினார். தையல் மெஷின் பக்கத்து வீட்டுப் பரீதாவிடம், றேடியோ முனை வீட்டுச் சிங்கள மாஸ்டரிடம், சாமிப்படங்கள் பின்வீட்டுச் சோமாவதியின் அலுமாரிக்குள். அம்மாவும் நானும்கூட வேறு வேறு வீடுகளில் ஒளிந்திருந்தோம். எரிக்க வந்தவர்கள் இரண்டு கதிரைகளை உடைத்துவிட்டுப் போனார்கள். உடைக்க வேறு என்ன இருந்தது?

கலவரம் அடங்கிய பிறகும் அம்மா ஒன்றையும் திருப்பி எடுக்கவில்லை. "இன்னொருக்கா வந்தால் திரும்பவும் தூக்கவேணுமெல்லோ." தைப்பதற்குப் பரீதா வீடு, செய்தி கேட்க மாஸ்டர் வீடு, வெள்ளிக்கிழமை விளக்கேற்றச் சோமாவதி வீடு. அன்றைக்குச் சோமாவதி மீன் சமைக்கமாட்டார்.

யுத்தம் வந்தது. இராணுவச் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து அம்மா என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தார். இங்கே வேலை கிடைத்ததும் அவருக்கு விசா எடுத்தேன். தனிமை தாங்கவில்லை, அதுதான் உண்மை.

"வீட்டைப் பூட்டிப்போட்டு வாங்கோ அம்மா" என்றேன் தொலைபேசியில்.

"எந்த வீட்டைத் தம்பி பூட்டுறது?"

அம்மா வரவில்லை, விசாக் காலம் முடிந்துபோனது. பல நாள் அவருடன் பேசாமல் கோபித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பொதி எதுவும் வரவில்லை. என் றேடியோவைத் தூக்கிக்கொண்டு போய் ஹெர் க்ரூகரின் மணியை அடித்தேன். இதை உங்கள் வீட்டில் வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன்.

"பயணம் போகிறீர்களா?"

"இல்லை."

"பழுதாகிவிட்டதா?"

"இல்லை, நன்றாகப் பாடும். செய்தி கேட்க நான் இங்கே வருவேன்."

மனிதர் உண்மையாகவே யோசித்தார். பிறகு எனக்கு உதவுகிற முகத்தோடு சொன்னார்: "கீழே உங்களுக்கென்று ஒரு நிலவறை இருக்கிறதே. நல்ல பூட்டு போட்டிருக்கிறார்கள்."

நன்றி சொல்லி, றேடியோவோடு திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். எனக்கு இங்கே இருப்பது ஒரே கதவு. ஒரு திருகலில் பூட்டிக்கொண்டது.