கால் பட்டால் கும்பிடும் பிள்ளைகள்

ஜப்பானிலிருந்து ஜூடோ டீச்சர் திண்டுக்கல்லுக்கு வந்த முதல் நாள், எங்கள் பள்ளிக்கூட ஹாலில் தடித்த பாய்களை விரித்தது நான்தான். ஆயா வேலை எனக்கு. பாயைத் துடைப்பது, வெயிலில் போடுவது எல்லாம் என் பொறுப்பு. எழுத்து தெரியாது, நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

டீச்சர் தமிழை என்னிடம்தான் கற்றுக்கொண்டார். அதனால், "செத்த நேரம் இரு, வாரேன்" என்று அசலாகப் பேசுவார். இட்லிக்கு மிளகாய்ப்பொடி அவருக்கு உயிர். அது கிடக்கட்டும். பொம்பளைப் பிள்ளைகள் காலரைப் பிடித்து இழுப்பதைப் பார்த்த வாட்ச்மேன், "என்னக்கா, அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏத்துறாகளா?" என்றான். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காலால் வாரிவிடும் பாடத்தில்தான் வம்பு வந்தது. எதிராளியின் காலைத் தட்டியதும் நம் பிள்ளைகள் நின்று, அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"கும்பிடாத, செல்வி. தள்ளு."

"கால் பட்டுருச்சே டீச்சர். பாவமில்லையா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நானும் அப்படித்தானே வளர்ந்தேன்.

அதற்குள் ஹாலை விசேஷங்களுக்கு வாடகைக்கு விட பள்ளிக்கூட மேனேஜருக்கு ஆசை வந்துவிட்டது. "மாவட்டப் போட்டில ஒரு புள்ளயாச்சும் ஜெயிக்கட்டும். இல்லைன்னா எடத்தக் காலி பண்ணிருங்க" என்றார்.

செல்வி கடைசி ஆட்டம் வரை வந்தாள். காலை வாரினாள். எதிராளி முட்டிபோட்டு விழுந்தாள். இன்னும் ஒரு தள்ளுதான். செல்வியின் கை தானாக அவள் தோளைத் தொட்டுக் கண்ணுக்குப் போனது. அந்த நேரத்தில் அவள் செல்வியின் காலரைப் பிடித்துப் புரட்டிவிட்டாள். முதுகு பாயில் பட்டது, ஆட்டம் முடிந்தது.

"சாமி கும்பிடவா போட்டிக்கு வந்தீக?" என்றார் மேனேஜர். டீச்சர், அழுத செல்வியின் பெல்ட்டை அவிழ்த்து, சரியாகக் கட்டிவிட்டார்.

ஹாலும் கைவிட்டுப் போய், டீச்சர் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் கூட்டம் தள்ள, டீச்சரின் ஷூ என் காலை மிதித்துவிட்டது. பையைக் கீழே வைத்தார். என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கால் பட்டுருச்சு அக்கா."

"இருக்கட்டும், ஏறுங்க டீச்சர்" என்றேன்.

புதிதாக ஒன்றைக் கொண்டுவருபவருக்கு, அது வேர் பிடிக்கும் மட்டும் இடம் கொடுக்க வேண்டும். டீச்சருக்கு இன்னும் கொஞ்ச காலம் அந்த ஹால் இருந்திருந்தால், ஆட்டம் முடிந்தபிறகு கும்பிடச் செல்வி பழகியிருப்பாள்.