ஒட்டை உரித்துக் காட்டிய வேம்புலியம்மாள்

பஸ் இருக்கையோ, பள்ளிக்கூடப் பையோ, கடையில் தொங்கும் மழைக்கோட்டோ, எதைக் கண்டாலும் வேம்புலியம்மாள் அதன் ஒட்டின் ஓரத்தில் நகத்தை நுழைத்து உரித்துப் பார்ப்பாள். பல வருஷப் பழக்கம். புருஷன் முனியன் திட்டியும் விடவில்லை.

மண்ணூர்பேட்டையில் லாரிச் சரக்கை மூடும் உறை செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. தொண்ணூற்று மூன்றில் அங்கே புது மெஷின் வந்தது. ஊசியில்லை, நூலில்லை. பிளாஸ்டிக் பூசிய துணியின் இரண்டு ஓரங்களைச் சேர்த்து உள்ளே தள்ளினால், அதிர்விலேயே பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும். மெதுவாகப் போனால்தான் நன்றாக உருகும். சூப்பர்வைசர் கோவிந்தராஜோ வேகத்தைக் கூட்டி வைத்தான். அவள் வேண்டாமென்று இரண்டு முறை சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழையில் நாற்பது உறைகள் ஒட்டு பிளந்து திரும்பி வந்தன.

முதலாளி பாஸ்கரன் முன்னால் அவளை நிறுத்தி, "மாவாட்டுற கைய வச்சிகினு மெஷின் ஓட்ட வந்துட்டா சார். அனுப்பிடலாம்" என்றான் கோவிந்தராஜ்.

கூட வேலை செய்யும் பெண்கள் சிலர் சிரித்தார்கள். எப்போதும் தலைகுனிந்தே நிற்பவளுக்கு அன்று உடம்பெல்லாம் எரிந்தது.

"இன்னா சார், என் கையா? உன் கையால, அதே வேகத்துல நீயே ஒண்ணு ஒட்டு, பாக்கலாம்."

அவன் ஒரு துண்டை ஒட்டினான். துண்டின் இரண்டு முனைகளையும் சோதனைக் கருவியில் மாட்டி இழுத்தான். துணி கிழிந்தது, ஒட்டு நின்றது.

"பாத்தீங்களா சார்? இரும்பு மாதிரி கீது!"

வேம்புலியம்மாள் அந்தத் துண்டை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். ஒட்டின் ஓரத்தில் நகத்தை விட்டு மேலே தூக்கினாள். வாழைப்பழத் தோலாக உரிந்து வந்தது.

"ஓடுற லாரில காத்து நேராவா இழுக்கும்? ஓரத்த தூக்கி உரிக்கும் சார்!"

வேகத்தைக் குறைத்து, தானே இன்னொரு துண்டை ஒட்டி முதலாளியிடம் நீட்டினாள். அவர் பல்லைக் கடித்து உரித்துப் பார்த்தார். பூச்சு துணியை விட்டுப் பிய்ந்ததே தவிர ஒட்டு பிரியவில்லை.

"இதான் சார் என் கை."

முதலாளி கோவிந்தராஜைப் பார்த்தார். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

இது நடந்து ஐந்து வருஷமாகிறது. மெஷின் இப்போது மெதுவாகத்தான் ஓடுகிறது; ஒவ்வொரு துண்டையும் இழுத்த பிறகு உரித்தும் பார்க்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவன் கோவிந்தராஜ் என்றுதான் கம்பெனியில் பேச்சு. வேம்புலியம்மாள் அதே மெஷினில் இருக்கிறாள். அவனோடு பேசுவதில்லை.