ஆளுக்குப் பாதியாகப் பார்த்த படம்

எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிறந்தது காளையார்கோவில் பக்கம், வாழ்க்கைப்பட்டது புதுவயல். வீட்டுக்காரருக்கு ரைஸ்மில்லில் மெக்கானிக் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். வீடு நிறைய ஆட்கள் வேறு. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் “சாப்பிடுறீகளா?”, “தண்ணி கொண்டா” என்ற அளவில்தான். அவர் கோபக்காரர் இல்லை, கூச்சக்காரர். எனக்கும் கூச்சம்தான். ஆனால் அவர்தான் பேசமாட்டேன் என்கிறார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காரைக்குடியில் ஒரு தியேட்டரில் பழைய துப்பறியும் படம் ஒன்றைத் திரும்பவும் போட்டிருந்தார்கள். மில்லில் யாரோ அதை ஓகோவென்று புகழ்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர், அடுப்படியில் இருந்த அத்தையிடம் என்னைப் பார்க்காமலே, “மேட்னி பாத்துட்டு வந்துடுறோம்மா” என்றார். அந்த ‘றோம்’ என்பதில் நானும் சேர்த்தி என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தியேட்டரில் பெண்களுக்குத் தனி இடம், நடுவில் குட்டையாக ஒரு தடுப்புச் சுவர். என் கையில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, “முடிஞ்சதும் இந்தத் தூணுகிட்ட நில்லு” என்று சொல்லி அவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார்.

படம் எடுத்த எடுப்பிலேயே கொட்டுகிற மழை. ஒரு நகைக்கடை முதலாளி கடை வாசலில் குத்துப்பட்டுக் கிடக்கிறார். அவர் மேல் மழை படாதபடி விரித்த குடை ஒன்று. யார் குத்தியது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தால், படம் அதை அப்படியே விட்டுவிட்டு ஒரு டாக்ஸிக்காரன் வீட்டுக்குப் போய்விட்டது. அவன் கதை சூடுபிடிக்கிற நேரத்தில், டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் காட்டினார்கள். அங்கிருந்து ஒரு வக்கீல் வீட்டுக் கல்யாணம். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஒட்டு உறவே இல்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண் உட்கார்ந்திருந்தாள். “என்னக்கா இது, மூணு படத்தை வெட்டி ஒட்டிப்புட்டாகளா?” என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதுவரை நான் பார்த்த படங்களில் ஒரு கதாநாயகனைப் பிடித்துக்கொண்டால் போதும், கடைசியில் ‘வணக்கம்’ போடுகிற வரைக்கும் அவன் பின்னாலேயே போய்விடலாம். இதில் யார் பின்னால் போவது? ஆனால் டாக்ஸியில் ஏறின ஆள், நமக்கு முகம் காட்டாமலே, நடுவழியில் இறங்கிக் கொலையைப் பற்றிப் போன் பேசுகிறான். அதை டெலிபோன் ஆபீசில் அந்தப் பெண் கேட்டுவிடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து அதே குரலில் வக்கீல் கல்யாணப் பந்தலில், “வாங்க, வாங்க” என்று எல்லோரையும் வரவேற்கிறார். “அதே குரல்!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். முன் பெஞ்சுப் பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்டர்வெல் முடிந்து விளக்கை அணைத்ததும் அந்தப் பிள்ளைத்தாச்சி, “கண்ணை இருட்டிக்கிட்டு வருதுக்கா” என்று என் தோளில் சாய்ந்தாள். வெளியே கூட்டிப்போய், சோடா வாங்கிக் கொடுத்து, அவள் நாத்தனார் தேடிக்கொண்டு வருகிற வரை விசிறிக்கொண்டிருந்தேன். உள்ளே துப்பாக்கிச் சத்தம், கைதட்டல், யாரோ அழுகிற சத்தம். நான் திரும்பிப் போனபோது வக்கீல் கையில் விலங்கு. டாக்ஸிக்காரன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். படம் முடிந்துவிட்டது.

தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர், “நல்லாருந்துச்சா?” என்றார்.

“ம். நல்லாருந்துச்சு.”

பஸ்ஸிலும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்து வந்தோம். புதுவயலில் இறங்கி மில் ரோட்டில் நடக்கும்போது, முன்னால் போனவர் நின்று, “அந்த டாக்ஸிக்காரன் வக்கீலைக் கண்டா எதுக்குப் பயப்படுறான்?” என்று கேட்டார்.

“அவன் வண்டில வந்துதான வக்கீலு போன் பேசுனாரு?”

“எப்பப் பேசுனாரு?”

“இன்டர்வெல்லுக்கு முன்னாடி வந்துச்சே! பாக்கலையா நீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். “ராத்திரி பூரா முழிச்சதுல... அந்த மழையில ஆளு விழுந்து கெடந்தாரா, அதோட கண்ணு சொருகிருச்சு. இன்டர்வெல்லுக்கு லைட்டைப் போட்டப்பத்தான் முழிச்சேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடுரோட்டில் நின்று சிரித்தேன். பின்பாதியில் நான் சோடாக் கடையில் நின்ற கதையைச் சொன்னதும் அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நெல் காய்கிற களத்து ஓரத்தில் நின்று கதையைச் சேர்த்தோம். முன்பாதியை நான் சொன்னேன். பின்பாதியை அவர் சொன்னார். இல்லை, நடித்தே காட்டினார். வக்கீல் தாம்பாளத்துக்கு அடியிலிருந்து துப்பாக்கி எடுப்பதைச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மில் ஆள் ஒருவர் பார்த்துவிட்டு, “என்னண்ணே, யாரைச் சுடுறீக?” என்று கேட்டுக்கொண்டே போனார். வீட்டுக்குப் போய்விட்டால் பேச்சு நின்றுவிடுமே என்று எனக்கு இருந்தது. அவருக்கும் இருந்திருக்க வேண்டும், நகரவே இல்லை.

பேச்சு நிற்கவில்லை. வீட்டில் அத்தை கதை கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான், “அதுக்கு முன்னாடி டெலிபோன்” என்று இடைமறித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை, “அதெல்லாஞ் சரி. அந்தக் குடை யாருது?” என்றார்.

“செத்தவரோடதுதாம்மா.”

“குத்துப்பட்டு விழுந்தவன் குடையை விரிச்சு மேல வச்சுக்கிட்டா விழுவான்? வேற யாரோ வச்சுட்டுப் போயிருக்காக.”

எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. சோறு போடும்போது அவர் மெதுவாக, “டாக்ஸிக்காரனோடதா இருக்குமோ?” என்பார். நான் இல்லையென்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிளம்பினோம். “எனக்கு எதுக்குச் சினிமா?” என்று சொன்ன அத்தைதான் முதல் ஆளாகப் பஸ்ஸுக்கு வந்து நின்றார்.

குடை அந்த டெலிபோன் பெண்ணுடையது. நனைந்து போய் ஆபீசுக்குள் வருகிறாள். “குடை எங்கே?” என்று மேலதிகாரி கேட்கிறார். “மறந்துட்டேன் சார்” என்கிறாள். அவ்வளவுதான். முதல் தடவை நான் அதைப் பார்த்தும் கவனிக்காமல் விட்டிருந்தேன். அத்தை என் தொடையைப் பிடித்து, “பாத்தியாத்தா, பாத்தியா!” என்றார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு உருவம் எழுந்து நின்று எங்களைத் தேடியது. “உக்காருய்யா, மறைக்குது!” என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை, பக்கத்தில் இருந்த அம்மாவுக்குக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். வக்கீலுக்கு விலங்கு மாட்டி முடித்ததும் அந்த அம்மா வருத்தமாக, “நாளைக்குப் பாக்கலாம்னு இருந்தேன்” என்றாள்.

அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாவின் கையைத் தட்டி, “போயிப் பாருங்க. தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தாத்தான் நல்லாருக்கு” என்றார். கம்பியைப் பிடித்து நின்றிருந்த என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.