சௌதாமினியின் நல்லிருப்பு

சௌதாமினி போன மேடம் என்னும் சித்திரை மாதம் ஒன்பதாம் தேதி காலமானாள். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. பாரதப்புழைக் கரையிலுள்ள எங்கள் வைத்தியசாலையில் நாற்பத்தோரு வருடம் நோயாளிகளின் பதிவேட்டை எழுதியவன் நான். பழைய ஏடுகளில் அவள் பெயர் ஆயிரக்கணக்கான பக்கங்களில் ‘சிகிச்சை செய்தவர்’ என்ற கட்டத்தில் இருக்கிறது. இரண்டே இரண்டு இடங்களில்தான் நோயாளியாக இருக்கிறாள்.

எண்ணெய் அறையில் இருபத்திரண்டு வருடம் அவளுக்குக் கழுத்து வேலைதான். உளுந்து மாவைப் பிசைந்து, குப்புறப் படுத்தவரின் பிடரியில் வட்டமாக வரம்பு கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றி, ஆற ஆற மாற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் குனிந்தே நிற்க வேண்டும். மாவு இளகினால் எண்ணெய் தோளில் வழிந்துவிடும். அவள் கட்டிய வரம்பு கசிந்ததாக நான் எழுதியது ஒரே ஒரு முறை. அன்றைக்கு உளுந்து பழையது. ஒரு நாளைக்கு ஆறு கழுத்து. சிகிச்சைக்கு ஆட்கள் குவியும் கர்க்கடகம் என்னும் ஆடி மாதத்தில் ஒன்பது.

வீட்டில் அவள் கணவன் வேலுக்குட்டி படுக்கையில் கிடந்தான். கள் இறக்குகிறவன். 1983இல் பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. குழந்தைகள் இல்லை. காலையில் வருமுன்பும் மாலையில் திரும்பிய பின்பும் அவனைத் தூக்கித் துடைத்து, புரட்டிப் படுக்க வைப்பாள். அவன் கைகள் அவள் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். பனைமரத்தைப் பிடித்துப் பழகிய கை, அவ்வளவு பலம் என்று சொல்லுவாள்.

கழுத்து இறுகத் தொடங்கியதை இரண்டு வருடம் மறைத்தாள். முதலில் கண்டுபிடித்தவள் உடன் வேலை செய்த சாரதா.

“ஊரார் கழுத்தையெல்லாம் திருப்பி விடறவ நீ. உன்னைக் கூப்பிட்டா ரயில் எஞ்சின் மாதிரி உடம்போட திரும்புற, சேச்சி.”

“எஞ்சினுக்காவது ஷெட்டு உண்டுடி. எனக்கு எங்க இருக்கு?”

1991இல் ஏழு நாள் சிகிச்சை செய்துகொண்டாள். சிகிச்சை எத்தனை நாளோ, அதன்பின் அத்தனை நாள் நல்லிருப்பு இருக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அறையை விட்டு வெளியே போகக் கூடாது. பாரம் தூக்குவது, காற்றில் நிற்பது, பகலில் தூங்குவது எதுவும் ஆகாது. கோபமும் அழுகையும் ஆகாது. சிகிச்சையில் இளகிய உடம்பு அந்த நாட்களில்தான் கட்டிப்படும் என்பார் வைத்தியர் மாதவக் குறுப்பு. துக்கம் வந்தால் வாதம் ஏறும், இறங்கிய பிடிப்பு மறுபடி ஏறி உட்காரும் என்பார். நல்லிருப்பின் மூன்றாம் நாள் வேலுக்குட்டிக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் சௌதாமினி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவனைத் தனியாகத் தூக்கினாள். ஒரு வாரத்தில் கழுத்து முன்பைவிட மோசமாக இறுகியது. இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின.

மூன்று வருடம் அப்படியே ஓட்டினாள். 1994இல் வேலுக்குட்டியை ஒரு நாள் கீழே நழுவவிட்டுவிட்டாள். பெரிய அடி இல்லை. ஆனால் அன்றைக்கு அவளே வைத்தியரிடம் வந்து நின்றாள்.

“என்னைப் பாருங்க, வைத்தியரே. எனக்கு அவரைத் தூக்கணும்.”

“பதினாலு நாள் சிகிச்சை, பதினாலு நாள் நல்லிருப்பு. நடுவுல எந்திரிச்சுப் போனா அப்புறம் என்னால ஆகாது. எண்ணெய் அறையிலயும் உன்னை வைக்க மாட்டேன். மருந்து இடிக்கப் போக வேண்டியதுதான்.”

“அவரை யார் பார்க்கிறது?”

“தங்கச்சி இருக்காளே.”

வேலுக்குட்டியின் தங்கை தேவு புழைக்கு அக்கரையில் எட்டு மைல் தள்ளி இருந்தாள். அவள் ஜீப் எடுத்து வந்து அண்ணனைக் கட்டிலோடு ஏற்றிக்கொண்டு போனாள். போகும்போது வேலுக்குட்டி சிரித்தான்.

“பெண்டாட்டி புருஷனை அனுப்பி வச்சிட்டு எண்ணெய் தேச்சுக் குளிக்கிறா. ஊர்ல எங்கயாவது நடக்குமா, ரைட்டரே?”

“போங்க, போய் உங்க தங்கச்சி கையால தின்னுங்க. அப்பத்தான் என் உப்போட அருமை தெரியும்” என்றாள் சௌதாமினி.

துலாம் என்னும் ஐப்பசி மாதம் மூன்றாம் தேதி சிகிச்சை தொடங்கியது. வைத்தியர் அவளைத் திரும்பச் சொல்லி, மோவாய்க்கும் தோளுக்கும் இடையில் விரல்களை வைத்து அளந்தார். இடைவெளி குறையக் குறையக் கழுத்து இளகுகிறது என்று கணக்கு. இடப்பக்கம் ஏழு விரற்கடை, வலப்பக்கம் ஐந்து. மருந்திலை மூட்டையால் ஒத்தும் இலைக்கிழி, மூக்கில் மருந்தெண்ணெய், பிடரியில் உளுந்து வரம்பு. வரம்பு கட்டியவள் சாரதா. குப்புறப் படுத்தபடியே சௌதாமினி குறை சொல்லிக்கொண்டிருப்பாள்.

“மாவுல தண்ணி ஜாஸ்தி. கசியப்போகுது பாரு.”

“வாயை மூடு, சேச்சி. நீ இன்னைக்கு வெறும் கழுத்து.”

பதினாறாம் தேதி இடம் நான்கரை, வலம் நான்கு. மரத்த விரல்களில் உணர்வு வந்திருந்தது. பதினேழாம் தேதி நல்லிருப்பு தொடங்கியது. பின்கட்டில் கிழக்கு அறை அவளுக்கு. காலையில் நான் ஏட்டோடு போவேன். உறக்கம், பசி, வலி, வேறு குறிப்பு என்று நான்கு கட்டம். எழுதி முடித்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்.

“இன்னும் எத்தனை நாள், ரைட்டரே?”

நான் சொல்லுவேன். ஜன்னல் கட்டையில் கரித்துண்டால் கோடும் போட்டு வைத்திருந்தாள்.

இருபத்தோராம் தேதி காலை பத்து மணிக்குத் தேவுவின் கணவர் வந்தார். விடியற்காலையில் வேலுக்குட்டி போய்விட்டான். இரண்டு நாளாக மூச்சு முட்டல். முந்தின நாள் தேவு, “சேச்சியைக் கூட்டிட்டு வரட்டுமா, ஏட்டா?” என்று கேட்டிருக்கிறாள். அவன் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்.

“நாள் முடியாம அவளைக் கூப்பிடாதே. போன தடவையும் என்னாலதான் கெட்டுச்சு.”

வைத்தியர் கிழக்கு அறைப் பக்கம் பார்த்தார். பிறகு, “அவ போனா அவன் எந்திரிக்கப் போறதில்லை. கழுத்து மட்டும்தான் இப்ப நம்ம கையில இருக்கு” என்றார்.

“சொல்லாம இருக்கறது சரியா, வைத்தியரே?” என்று கேட்டேன்.

“சரின்னு நான் சொல்லலை. அவனே கேட்டுக்கிட்டான். இன்னும் ஒன்பது நாள்னுதான் சொல்றேன்.”

நான் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். அன்று மாலை மூன்று மணிக்கு அக்கரையில் தகனம். தேவுவின் மகன் தீ வைத்தான். அதே மூன்று மணிக்குச் சாரதா சௌதாமினிக்குக் கஷாயம் கொண்டுபோனாள்.

“கண்ணு ஏன்டி இப்படிச் சிவந்திருக்கு?”

“மிளகு இடிச்சேன், சேச்சி.”

“முகத்தைத் திருப்பிக்கிட்டு இடிக்கணும். எத்தனை தடவை சொல்றது உனக்கு.”

அந்த ஒன்பது நாளும் துலாவர்ஷம், ஐப்பசி மழை. மத்தியானமானால் இடியோடு வரும். அவள் தேறிக்கொண்டே வந்தாள். இருபத்தி நான்காம் தேதி என்னைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னாள்.

“அக்கரைக்கு ஆள் போனா தேவுகிட்ட சொல்லி விடுங்க. இடப்பக்கமாவே படுக்க வைக்கக் கூடாது, ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டணும். இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துடும்.”

“சொல்லி விடறேன்” என்றேன். மறந்துவிடாமலிருக்க எதைச் சொன்னாலும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வது என் பழக்கம். அதையும் குறித்து ஏட்டுக்குள் செருகினேன். அன்று அக்கரையில் எலும்பு பொறுக்கினார்கள்.

துலாம் முடிந்து விருச்சிகம் முதல் தேதி காலை. சேதியைச் சொல்லுமுன் வைத்தியர் முதலில் அளந்தார். அவர் எதற்காக அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இடம் இரண்டரை விரற்கடை, வலம் இரண்டு. சௌதாமினி குளித்து, கட்டம் போட்ட புது முண்டு உடுத்தியிருந்தாள். வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். ஐந்து வருடத்தில் அவள் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. தேவு தனியாக இறங்கினாள். ஜீப்பில் கட்டில் இல்லை.

“அவர் எங்க?” என்றாள். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “எந்த நாள்?”

அவள் என்னிடம் கை நீட்டினாள். நான் ஏட்டைக் கொடுத்தேன்.

துலாம் இருபத்தொன்று. உறக்கம் நன்று. பசி உண்டு. வலி குறைவு. வேறு குறிப்பு இல்லை. அப்படித்தான் எழுதியிருந்தேன். அவள் பக்கத்தைப் புரட்டியபோது இருபத்தி நான்காம் தேதிச் சீட்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துப் படித்தாள். குனியும்போது கழுத்தில் வலி இல்லை என்பதை நான் பார்த்தேன்.

“திருத்திடறேன், சௌதாமினி. அது தப்பான பதிவு” என்றேன்.

“வேண்டாம், ரைட்டரே. தப்பு ஒண்ணும் இல்லை. அன்னைக்கு நான் நல்லாத்தான் தூங்கினேன்.” சீட்டை மடித்துக்கொண்டே, “கஞ்சி ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடிச்சேன்” என்றாள்.

தேவு அழுதுகொண்டே அண்ணன் சொன்னதைச் சொன்னாள். சௌதாமினி கேட்டுக்கொண்டாள். “அவர் அப்படித்தான் சொல்வார். அவர் பேச்சை நீங்க ஏன் கேட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள். தீட்டு முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஜீப்பில் ஏறிப் போனாள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். இன்னும் பதினோரு வருடம் எண்ணெய் அறையில் நின்றாள். கழுத்து ஒரு நாளும் பிடிக்கவில்லை. வைத்தியர் தாம் செய்த கழுத்துச் சிகிச்சைகளில் அதைத்தான் சிறந்ததாக எண்ணினார் என்று நினைக்கிறேன். ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் ஒரு காரியம் மட்டும் செய்தாள். நல்லிருப்பில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து எந்தச் சேதி வந்தாலும், யாரிடமும் கேட்காமல் நேரே போய்ச் சொல்லிவிடுவாள். நல்லதானாலும் சரி, சாவானாலும் சரி. கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பிடரியில் கையை வைத்துக்கொண்டு சொல்லுவாள். அப்படி நான்கு பேர் நடுவில் எழுந்து போனார்கள். இரண்டு பேருக்குப் பிடிப்பு திரும்பி வந்தது. அதையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். வைத்தியர் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தத் துண்டுச் சீட்டை அவள் என்னிடம் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பத்தோரு வருடத்தில் என் ஏட்டிலிருந்து போன தாள் அது ஒன்றுதான்.