வீட்டுத் தோட்டத்து பீன்ஸ்

எஸ்டேட் ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்தில் சூரியனை வைத்துப் படம் காட்டப்போகிறார்கள் என்று சித்தப்பா வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கீழ் கோத்தகிரியில் மூடுபனி இறங்கிவிட்டால் சூரியனைப் பார்ப்பதே பெரிய பாடு, இதில் படம் வேறா என்று நினைத்தேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. ஃபாக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் அதிசயம். காலையில் ஆள் எடுக்கும் இடத்தை இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பெரட்டு என்றுதான் சொல்வார்கள். பெரட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேர் வேலையில்லை என்று திரும்பி வந்தார்கள். இளவட்டங்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மட்டும் ஏறவில்லை. அவரை நிரந்தரம் ஆக்கப்போகிறோம் என்று எஸ்டேட் ஆபீசில் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிரந்தரம் ஆனால்தான் லயத்தில் தனி வீடு, தனி வீடு கிடைத்தால்தான் கல்யாணம். பெண் வீட்டார் அரவேணுவில் காத்திருந்தார்கள்.

படம் காட்ட ஒரு ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். வேலையில்லாத இளைஞர்களுக்கு விவசாயம் சொல்லித்தரும் திட்டமாம். ஜீப்பின் மேல் கறுப்புக் கண்ணாடிப் பலகையைச் சாய்த்து வைத்து, வயர் இழுத்து, வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளை மடுவத்துக்குள் ஒரு சின்ன டி.வி.யை வைத்தார்கள். பேட்டரி பழசு போலிருக்கிறது. மூடுபனி வந்தால் டி.வி. அணைந்துவிடும், விலகினால் வரும். வரும்போது விட்ட இடத்திலிருந்து வராது, முதலிலிருந்துதான் வரும். அன்று ஐந்து முறை படம் தொடங்கியது, ஒரு முறைகூட முடியவில்லை. பாத்தி கட்டுவது, விதை ஊன்றுவது, கொம்பு நடுவது வரை எங்களுக்கு மனப்பாடம். விளைந்ததை என்ன செய்வது என்று யாரும் பார்க்கவில்லை.

"உங்கள் வீட்டுத் தோட்டத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தில் பீன்ஸ் பயிரிடுங்கள்" என்று படத்தில் கழுத்தில் துண்டு போட்ட ஒருவர் சிரித்த முகமாகச் சொன்னார். அவர் சமவெளிக்காரராக இருக்கவேண்டும். எங்கள் வீடு என்பது லயத்தில் ஒற்றை அறை. வாசலைத் தாண்டினால் சாக்கடை, சாக்கடையைத் தாண்டினால் தேயிலை. தோட்டம் என்றால் எஸ்டேட், அது கம்பெனியுடையது. இலங்கையிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். வேறு ஒரு தோட்டம் எங்கள் பேச்சிலேயே கிடையாது.

சித்தப்பாவும் இன்னும் நாலைந்து பேரும், தேயிலை பட்டுப்போய்ச் சொட்டையாகக் கிடந்த ஒரு மேட்டில் பாத்தி கட்டினார்கள். வேலையில்லாத நாளெல்லாம் அங்கேதான் கிடந்தார்கள். பீன்ஸ் நன்றாகவே வந்தது. காட்டுப்பன்றி வராமல் இருக்க அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, கொம்புக்குக் கொம்பு கட்டினார் சித்தப்பா. பன்றி பயந்ததோ இல்லையோ, ஜீப்பில் ரோட்டோடு போன எஸ்டேட் மேனேஜர், நாங்கள் தொரை என்று சொல்பவர், அதைப் பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை காலை விசாரணை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் நாள் சாயங்காலம் சித்தப்பா எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, "படத்துல தோட்டத்துல போடச் சொன்னாங்க, போட்டோம். யாரு கேட்டாலும் அம்புட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

"தோட்டம்னா தோட்டந்தானே. நமக்கு என்னா தெரியும்" என்றாள் அம்மா.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் பாடப் புத்தகத்தில் வீட்டுத் தோட்டம் என்று ஒரு பாடமே இருந்தது, கத்தரி தக்காளி எல்லாம் போட்ட படத்தோடு. இதுகூடத் தெரியாமல் இருக்கிறார்களே என்று எடுத்துச் சொல்லப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்னாள் அம்மா.

மறுநாள் பெரட்டில் லயமே கூடியிருந்தது. தொரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கிளார்க் நோட்டோடு நின்றார். தொரையின் முகத்தில் நான் எதிர்பார்த்த அளவுக்குக் கோபம் இல்லை.

சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு, "தோட்டத்துல காலியா கெடக்குற எடத்துல போடுங்கன்னு படத்துல சொன்னாங்கய்யா. எங்களுக்குத் தோட்டம்னா இதுதானுங்களே" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

தொரை கிளார்க்கைத் திரும்பிப் பார்த்தார். "படம் காட்ட பர்மிஷன் குடுத்ததே நாமதானேப்பா" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அப்படியா சொன்னாங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் தூக்குவது போலத்தான் தூக்கினேன்.

"உங்கள் வீட்டுத் தோட்டத்தில்னு சொன்னாங்க சார். வீட்டுத் தோட்டம்னா ஊட்டுக்குப் பக்கத்துல நாமளே வச்சிருக்கிறது. எஸ்டேட் இல்லீங்க சார். எங்க புக்குலயும் இருக்கு."

அம்மா என் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். கிளார்க் எழுதுவதா வேண்டாமா என்பதுபோல் தொரையைப் பார்த்தார். தொரை என் பக்கம் திரும்பினார்.

"எத்தனாவது படிக்கிறே?"

"அஞ்சாவது சார்."

"நல்லா படி" என்றார். அப்புறம் சித்தப்பா பக்கம் திரும்பி, திங்கட்கிழமையிலிருந்து பெரட்டுக்கு வரவேண்டாம் என்றார். மற்றவர்களுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது. மேட்டில் இருப்பதையெல்லாம் அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும்.

பிடுங்கிய பீன்ஸை லயம் முழுவதும் நாலு நாள் பொரியலாகவும் குழம்பாகவும் தின்றது. என்னை யாராவது திட்டுவார்கள் என்று பார்த்தேன், யாரும் திட்டவில்லை. அம்மா வழக்கம்போல் தலை வாரிவிட்டாள், கொஞ்சம் இழுத்து வாரினாளோ என்னவோ. அடுத்த வாரம் சித்தப்பா ஒரு பையோடு திருப்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். ரோடு வரை நானும் போனேன். பஸ் ஏறும்போது, "நீ சொன்னது சரிதான் புள்ள" என்றார். அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அரவேணுப் பெண்ணுக்குத் தை மாதம் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று.

வீட்டு என்ற அந்த ஒரு சொல் எல்லோர் காதிலும் விழுந்துதான் இருந்தது. அதை விட்டுவிட்டுச் சொல்வது என்று லயமே பேசி வைத்திருந்தது, தொரையும் அதைத் தோண்டாமல் விட்டுவிடத்தான் பார்த்தார். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்றைக்கு எனக்கு இதில் ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் லயத்தில் எனக்கு மட்டும்தான் ஒழுங்காகத் தமிழ் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.