பதினோராவது விநாடியில் ஒரு கை

என் சித்தி ரெஜினாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கடப்பாக்கத்தில் எங்களோடுதான் இருக்கிறார். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறிய பிறகு இரண்டு வருடம் நாற்று நட்டார். அடுத்து ஏழு வருடம் கடலோரத்தில் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை. வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு, அதில் துள்ளும் முடியளவு குஞ்சுகளை ஒரு பார்வை பார்த்து, "முந்நூறு இருக்கும்" என்பாராம். எண்ணினால் பத்துப் பதினைந்துதான் முன்பின் இருக்குமாம். அப்படியென்றால் கணக்கில் எப்படித் தவறினாய் என்று கேட்டிருக்கிறேன். "அது வேற கணக்குடா" என்றார்.

பண்ணையை மூடிய பிறகு மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்தார். இப்போது ஐந்து வருடமாக நீலவானம் பார்க்கில் இருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிற பொழுதுபோக்குப் பூங்கா அது. குழந்தைகள் ரயிலில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை என்றுதான் எனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு ஊழியர் வேன் வரும். நீலச் சட்டை, கறுப்புப் பேன்ட், டிபன் பை. வேனில் ஏறுவதற்குள் அவர் தெருவில் நான்கு பேரிடமாவது வம்புக்குப் போய்விடுவார்.

போன வருடக் கடைசியில் அந்தப் பூங்காவில் புதிய ரோலர் கோஸ்டர் எழுந்தது. பெயர் ராஜாளி. சாலையில் பஸ்ஸில் போகும்போதே சவுக்கு மரங்களுக்கு மேலே சிவப்புத் தண்டவாளம் வளைந்து தெரியும். எனக்கு ரோலர் கோஸ்டர் பைத்தியம் உண்டு. கல்லூரிச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறைதான் ஏறியிருக்கிறேன். அதற்குப் பிறகு உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்தாகிவிட்டது. செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்து இரண்டு வருடமாக அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த இயற்பியலை நான் பயன்படுத்திய ஒரே இடம் டெலிகிராமில் இருந்த ராஜாளி ரசிகர் குழு. எண்ணூறு பேர். அங்கே என் பெயர் ஆல்வின் இல்லை, ஜி-ஃபோர்ஸ்.

திறப்பு விழாவுக்கு முன்னால் பூங்கா ஒவ்வொன்றாக விளம்பர வீடியோ விட்டது. முதல் வீடியோ, முன் இருக்கையிலிருந்து பார்க்கிற மாதிரி. அது நிஜமா, கம்ப்யூட்டரில் செய்ததா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது.

"மரத்துக்கு நிழல் கீது, வண்டிக்கு நிழல் இல்ல. எவன ஏமாத்தறானுங்க?" என்று எழுதினான் தாம்பரத்தில் இன்ஜினீயரிங் படிக்கும் ஹேமந்த்.

"உச்சி வெயில்ல எடுத்தா நிழல் வண்டிக்கு அடியிலதான் இருக்கும். உன் மண்டைக்குள்ளயா வந்து உழும்?" என்று கேட்டாள் செங்கல்பட்டு திவ்யா.

இரண்டாவது வீடியோவில் வண்டி அசுர வேகத்தில் இறங்கியது. அதை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். பின்னணியில் ஒரு கொக்கு பறந்தது. எந்தக் கொக்கும் அவ்வளவு வேகமாகச் சிறகடிக்காது. அடிப்பை எண்ணி, படத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள் என்று எழுதினேன். குழுவே கொண்டாடியது. 'கொக்கு விஞ்ஞானி' என்று ஹேமந்த் பட்டம் கொடுத்தான். நேர்முகத் தேர்வில்கூட யாரும் என்னை அப்படி மெச்சியதில்லை. அந்தப் புகழ்ச்சி தலைக்கு ஏறியது உண்மை.

சித்தியிடம் ராஜாளியைப் பற்றிக் கேட்காமல் இல்லை. "எனக்கு இன்னா தெரியும், போடா" என்பார். திறக்கும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தது எனக்குத் தெரியாது. என் குழுவைப் பற்றி நானும் அவரிடம் சொல்லவில்லை. தேர்வுக்குப் படிக்கிறேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வீடியோ ஒரு வியாழக்கிழமை வந்தது. முப்பத்தெட்டு விநாடி. பதினோராவது விநாடியில் நடைமேடை தெரிகிறது. முன்வரிசையில் நான்கு பேர் சிரிக்கிறார்கள். ஓரத்தில் மஞ்சள் சுடிதார் போட்ட பெண்ணின் தோளை, நீலச் சட்டைக்காரர் ஒருவரின் கை தட்டுகிறது. கைதான் தெரிகிறது, முகம் இல்லை. அடுத்த காட்சியில் வண்டி கிளம்புகிறது.

அந்தக் கை தட்டுகிற இடத்தில் படத்தை நிறுத்தினேன். மடிமேல் இறுக்கமாக இறங்கியிருக்க வேண்டிய பாதுகாப்புக் கம்பிக்கும் அந்தப் பெண்ணின் தொடைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சிவப்பு வட்டம் போட்டேன். 'கம்பி பூட்டவே இல்லை. நீலச் சட்டை வேடிக்கை பார்த்துவிட்டு வண்டியை அனுப்புகிறது. இவர்களை நம்பியா நாம் ஏறப்போகிறோம்?' என்று எழுதிப் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் குழுவைத் தாண்டிவிட்டது. பெரிய இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்று எடுத்துப் போட்டது. வெள்ளிக்கிழமை பூங்கா அந்த வீடியோவை நீக்கியது. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அன்று ஐந்தரை மணிக்குச் சித்தி வந்தார். தெருவில் யாரிடமும் பேசாமல் வந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தால் சோறு அப்படியே இருந்தது.

"இன்னா சித்தி, சாப்புடலயா?"

"செருப்பு ஸ்டாண்டுல போட்டுட்டாங்கடா."

"எத?"

"என்னத்தான். ஒரு மாசமா ராஜாளி ட்ரயல் ஓடுது, நான் அதுலதான் கீறேன். லாக் போடற டூட்டி. உன்னாண்டகூட சொல்லல. எவனோ ஜிபோசாம், போட்டோ புடிச்சிப் போட்டுட்டான், நான் லாக் போடாம அனுப்பிட்டேன்னு. திங்கக்கெழமை விசாரணை. தப்புன்னு ஆயிட்சின்னா வேலையே இல்ல."

கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"நீ இன்னா சொன்ன அவங்களாண்ட?"

"படத்த பிரிண்டு எடுத்தாந்து காட்டுனாங்க. இந்தக் கை யாருதுன்னாங்க. என்னுதுன்னேன். என் கைதான அது? லாக் தெறந்து கீதேன்னாங்க. ஆமா, தெறந்துதான் கீதுன்னேன். அப்பறம் எனக்கே கொயப்பமா பூட்சிடா. அப்பிடி வுடமாட்டேனே நானு." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு தபா அமுக்குவேன். ஒரு தபா மேல இஸ்துப் பாப்பேன். தூக்கத்துலகூட அப்பிடித்தான் வரும்."

வீடியோவை அவர் பார்க்கவே இல்லை. வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். அவருக்குக் காட்டியதும் என் சிவப்பு வட்டம் போட்ட ஒற்றைப் படம்தான். நீக்கும் முன்பே இறக்கி வைத்திருந்த வீடியோவை என் போனில் ஓட்டிக் காட்டினேன். பதினோராவது விநாடி வந்தது. இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். பிறகு போனைக் கையிலிருந்து பிடுங்கினார்.

"டேய், இது போற வண்டி இல்ல. வந்த வண்டி."

"இன்னா சித்தி?"

"ஒரு ரவுண்டு முட்சிட்டு வந்து நிக்கற வண்டிடா. வந்து நின்னதும் லாக் தெறந்துடும். மூஞ்சியப் பாரேன். போறதுக்கு முன்னாடியும் சிரிப்பாங்க, அது வாயில மட்டும் இருக்கும். கை ரெண்டும் கம்பிய விடாது. இதுங்க கையி எங்க கீது பாரு, கம்பி மேல இல்லவே இல்ல. கண்ணுல தண்ணி, அது காத்து அட்சது. முடியப் பாரு, காக்கா கூடு மாதிரி."

"தோள எதுக்குத் தட்டுற?"

"சில பேரு வந்தப்பறமும் எந்திரிக்க மாட்டாங்க. முட்சிட்சின்னே தெரியாது அவங்களுக்கு. வந்துட்டம்மா, எறங்குன்னு தட்டுவேன். போறப்ப நான் எங்க தோளத் தொடறேன்? கம்பியத்தான் தொடுவேன்."

வீடியோவை வெட்டி ஒட்டியவர்கள், திரும்பி வந்து நின்ற காட்சியைக் கிளம்புவதற்கு முன்னால் வைத்துவிட்டார்கள். சிரிப்பு நன்றாக இருந்ததால் வைத்திருக்கலாம். கொக்கின் சிறகடிப்பை எண்ணிய நான், அந்த நான்கு முகங்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்தது கம்பியையும் இடைவெளியையும்தான். முன்னும் பின்னும் இல்லாத ஒரு படத்தைப் பூங்காக்காரர்கள் கையில் கொடுத்தவன் நான்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். குழுவில் திருத்தி எழுதிவிட்டால் போதும், இவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடம் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"சித்தி, அந்த ஜி-ஃபோர்ஸ் நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய் டிபன் பாக்ஸைக் கழுவினார். ஒரு டப்பாவைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்து ஈரக்கையோடு எதிரே உட்கார்ந்தார்.

"காலைலேர்ந்து அவனத் திட்டினு கீறேன்டா. அவன் கையில கட்டி வரணும், பஸ்ஸுல அவனுக்கு சீட்டே கெடைக்கக் கூடாதுன்னு. ஸ்டாண்டுல கீற பொம்பளைங்க எல்லாரும் சேந்து வுட்ட சாபம். இப்ப அவங்கள எல்லாம் வாபஸ் வாங்கச் சொல்லணும்."

"சித்தி..."

"அழுவாத. அழுதா அறைஞ்சிடுவேன். நான் செருப்பு எடுத்து வெச்சினு இருக்கறது பெரிசில்ல. யாரையோ சாவடிக்கப் பாத்தேன்னு சொல்லிட்டியேடா. அதான் சோறு எறங்கல." ஈரக்கையைப் பேன்டில் துடைத்தார். "சரி, படிச்சவன்தான நீ? போட்டது நீ, எடுக்கறதும் நீயே எடு."

அவர் சொன்னதை அப்படியே குழுவில் எழுதினேன். முகம், கை, முடி, தோளைத் தட்டும் காரணம். உடனே ஹேமந்த் வந்தான்.

"இன்னா விஞ்ஞானி, பார்க்காரன் டப்பு குட்த்துட்டானா? ஃப்ரீ டிக்கெட்டா?"

"உனக்கு எப்பிடித் தெரியும், கூட நின்னு பாத்தியா?" என்று வேறு யாரோ கேட்டார்கள்.

அந்தக் குழுவில் நான் யார் என்று சொன்னதில்லை. சென்னையில் ஏதோ கம்பெனியில் இருப்பதாக அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன்: 'அது என் சித்தியின் கை. நான் கடப்பாக்கத்தில் அவரோடுதான் இருக்கிறேன். எனக்கு வேலை இல்லை. நான் போட்ட படத்தால் அவருக்கு வேலை போகப்போகிறது.'

பிறகு திவ்யா இரண்டு படங்களை அடுத்தடுத்துப் போட்டாள். ஒன்று இரண்டாவது வீடியோவில் இருந்தது. அதே மஞ்சள் சுடிதார்ப் பெண், வண்டி கிளம்பும் நேரம். கம்பி மடியில் படிந்திருக்கிறது, இரண்டு கையும் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, பின்னல் ஒழுங்காக முன்னால் கிடக்கிறது. மற்றது என் படம். பின்னல் அவிழ்ந்து முகமெல்லாம் முடி.

"அவுங்க சித்தி சொன்னது கரெக்டு. ஹேமந்த், உன் நிழலத் தேடிகினு கெளம்பு" என்று எழுதினாள்.

"சாரி மச்சான். சித்தியாண்டயும் சொல்லிடு" என்றான் ஹேமந்த்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மேலாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். 'பணிவுடன் தெரிவிப்பது என்னவென்றால்' என்று நான் ஆரம்பித்ததைச் சித்தி நிறுத்தினார். "பணிவெல்லாம் அப்பறம். அது என் கைதான், அத முதல்ல எழுது. நான் இல்லன்னு சொன்னா மாதிரி ஆயிடக் கூடாது." ஒரு பக்கத்தில் முடித்தோம். கீழே என் பெயரையும் போட்டு, படத்தைப் பரப்பியவன் நான்தான் என்று எழுதினேன். திவ்யாவின் இரண்டு படங்களையும் கடையில் பிரிண்ட் எடுத்துச் சேர்த்தோம்.

திங்கள் மாலை சாலையில் வேனுக்காகக் காத்திருந்தேன். சித்தி இறங்கும்போதே வேனுக்குள் யாரையோ திட்டிக்கொண்டே இறங்கினார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"மேனேஜரு ராகவன் சாரு கேமராக்காரனுக்குப் போன் போட்டாரு. முழு படத்தையும் வரவெச்சிப் பாத்தாங்க. வந்த வண்டிதான். நாளைக்கே ராஜாளிக்கு வந்துடுன்னுட்டாரு." டிபன் பையை என்னிடம் கொடுத்தார். "அந்த வீடியோவத் திரும்ப எடுக்கறாங்களாம். வந்து நில்லு ரெஜினான்னாங்க. நான் ஒண்ணு சொல்லிட்டேன். வெறும் கைய மட்டும் எடுக்கறதா இருந்தா வரமாட்டேன், மூஞ்சியும் தெரியணும்னு. கைய மட்டும் காட்டுனா எவனாச்சும் எதனா சொல்றான்."

அந்த 'எவனாச்சும்' என்ற இடத்தில் என் பின்மண்டையில் ஒரு தட்டு விழுந்தது.

பத்து நாளில் புதிய வீடியோ வந்தது. சித்தி இரண்டு விநாடி முழுசாகத் தெரிகிறார். இரண்டு முறை அமுக்குகிறார், ஒரு முறை மேலே இழுத்துப் பார்க்கிறார், கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார். முகம் விறைப்பாக, ஆதார் அட்டைப் படத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. குழுவில் வழக்கம்போல் சண்டை ஆரம்பித்தது. முதல் இறக்கத்தின் கோணம் என்ன, அலைச் சத்தத்தைப் பிறகு சேர்த்தார்களா, கடைசியில் வருகிற மேகம் நிஜமா.

சித்தி ஒவ்வொரு சாயங்காலமும் வந்து கேட்டார்.

"என்னப் பத்தி இன்னாடா சொல்றாங்க?"

மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னேன். "யாரும் ஒண்ணும் சொல்லல சித்தி."

"ஒண்ணுமேவா? அந்த ஹேமந்துகூடவா?"

"அவன் மேகத்தப் பத்திப் பேசினு கீறான்."

சித்தி டிபன் பையை ஆணியில் மாட்டினார்.

"அப்ப ஒயுங்கா பூட்டிக்கீறேன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, போனை வாங்கி, அந்த இரண்டு விநாடியை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.