கருத்துப் பெட்டியில் ‘ஆட்கள் தேவை’

பத்தாவதோடு நின்ற எனக்கு வலைப்பூ எழுதச் சொல்லித்தந்தவர் யாரும் இல்லை. நானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டதுதான். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன் நின்று ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று பார்த்துக்கொண்டிருக்கையில் காதில் விழுகிற பேச்சை வீட்டுக்கு வந்து போனில் எழுதிவைப்பேன். பேசியவர் பேரைப் போடமாட்டேன், பேச்சு மட்டும். மனிதர்கள் வேலைக்கு நடுவே போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவது இருக்கிறதே, அதைக் கீழே விட எனக்கு மனசு வராது. படிக்கிறவர்கள் என் தங்கையும் இன்னும் நாலைந்து பேரும்.

அதில் பாதிப் பேச்சு ஓர் அக்காவுடையது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். எங்கள் கம்பெனியில் பிளாட்லாக் டைலர். பனியனின் கீழ் மடிப்பைத் தைக்கிற மெஷின் அது. அவர் வாயைத் திறந்தால் லைனே சிரிக்கும். ஆர்டர் குறைந்தபோது அவர் லைனைத்தான் முதலில் நிறுத்தினார்கள். பல கம்பெனிகள் ஏறி இறங்கியும் வேலை அமையவில்லை.

“வார திங்க விட்டு அடுத்த திங்கக்கெழம பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கிட்டு ஊருக்கே போயிருதோம்ட்டி” என்றார். எட்டாவது படிக்கிற அவர் மகள் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனசு சரியில்லாமல் வலைப்பூவை நோண்டிக்கொண்டிருந்தேன். வீடியோ பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பதிவின் கீழும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பச்சைப் பட்டனையும், படித்தவர்கள் எழுத ஒரு கருத்துப் பெட்டியையும் சேர்த்தேன். பட்டன் முதலில் தலைப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைக் கீழே இறக்குவதற்குள் சோறு ஆறிவிட்டது. பிறகு, “எங்க சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்தா நூலு தானா அறுந்துருது” என்று அக்கா எப்போதோ சொன்னதைப் பதிவாகப் போட்டு, தெரிந்த குரூப்புகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

அது ஊரைச் சுற்றிவிட்டது. எங்கள் சூப்பர்வைசரே எனக்கு அதை அனுப்பி, “சில பேரு இப்படித்தானுங்க இருக்கறாங்க” என்று எழுதியிருந்தார்.

ஆசையாகக் கருத்துப் பெட்டியைத் திறந்தேன். ‘ஓவர்லாக் டைலர் ரெண்டு பேர் உடனடித் தேவை, ராயபுரம்.’ ‘செக்கிங் வேலை இருக்குங்களா சிஸ்டர்?’ ‘காஜா பட்டனுக்கு ஆள் வேணும், ரூம் இலவசம்.’ கடைசிவரை இதேதான். பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வியாழக்கிழமை, மெஷின் ஸ்டூலில் விட்டுப்போன தன் குஷனை எடுத்துப்போக அக்கா வந்திருந்தார். டீ டைமில் எதிர் பேக்கரியில் நின்றபடி அவரிடம் புலம்பினேன்.

“இந்தப் பெட்டியவே எடுத்துப்போடறனுங்க்கா. நான் ஒண்ணு நெனச்சு வெச்சா, இவங்க போர்டு மாட்டறாங்க.”

“திருப்பூர்ல சுவரு காலியாக் கெடந்தா சும்மா விடுவானாட்டி?”

சிரித்துக்கொண்டே போனை வாங்கியவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“பிளாட்லாக்குன்னு ஒருத்தனும் போடலயே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே பதிவின் அடியில், ‘இதைப் பேசியவர் பிளாட்லாக் டைலர். தையல் சுத்தம். வேலை தேடுகிறார்’ என்று சேர்த்தேன்.

“ஏ பிள்ள, வேண்டாம்! சூப்பர்வைசர வஞ்சவளுக்கு எவன்ட்டி வேல குடுப்பான்?”

“சிரிச்சவங்க யாராச்சும் குடுப்பாங்க. சும்மா இருங்க்கா.” பச்சைப் பட்டனை அழுத்தினேன்.

வெள்ளி போனது, சனி போனது. போனைத் திறந்தால் ஓவர்லாக், ஓவர்லாக். அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார். ஞாயிறு மதியம் ஒரு கருத்து வந்தது: ‘இங்க சூப்பர்வைசரு நான்தானுங்க. என்ற மூஞ்சியும் அப்படித்தான்னு ஊட்ல சொல்றாங்க. அந்தக்காவ நாளைக்குக் காலைல வந்து தெச்சுக் காட்டச் சொல்லுங்க.’ கூடவே கம்பெனி விலாசம்.

திங்கட்கிழமை காலை அக்கா அந்தக் கம்பெனிக்கும், அவர் வீட்டுக்காரர் டி.சி. கேட்கப் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பினார்கள். “ரெண்டுல எது முந்துதோ பாப்போம்” என்று பஸ்ஸிலிருந்து குரல்பதிவு அனுப்பியிருந்தார். அன்று என் மேசையில் எத்தனை ஓட்டை தப்பிப் போனதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

டீ டைமில் போன் அடித்தது. பின்னால் மெஷின் சத்தம்.

“மொத பீஸு வளஞ்சு போச்சுட்டி. அந்த சூப்பர்வைசரு பாத்தாரு. இன்னொண்ண நீட்டுனாரு. அதத் தச்சு முடிச்சதும், மத்தியானத்துக்குச் சாப்பாடு கொண்டாந்தீங்களான்னு கேக்காரு.”

“அப்படின்னா என்னங்க்கா?”

“இருந்து தைக்கச் சொல்லுதாருட்டி, கூமுட்ட! எங்க வீட்டாளு ஸ்கூல்ல நிக்காவ. டி.சி. வாங்க வேண்டாம்னு சொல்லணும். போன வை, வை!”